கல்லூரி மாறினால் உழைப்பு மறைந்துவிடுமா?

அமெரிக்காவில் நான்கு வருடப் பட்டப்படிப்பை ஒரே இடத்தில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதல் இரண்டு வருடங்களைக் கட்டணம் குறைந்த கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டு, மீதியைப் படிக்கப் பல்கலைக்கழகத்துக்கு மாறுகிற மாணவர்கள் ஏராளம். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்குக் கட்டுப்படியாகிற வழி பெரும்பாலும் இதுதான்.

மாறிய பிறகுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. பழைய கிரெடிட்டுகள் கூடவே வருகின்றன, கிரேடுகள் வருவதில்லை! உதாரணத்துக்கு, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாறிவந்தவரின் ஜி.பி.ஏ. புதிதாகத் தொடங்கும். பழைய மதிப்பெண்கள் அதில் சேராது. அதே மாநிலத்தின் இன்னொரு அரசுப் பல்கலைக்கழக அமைப்பான கால் ஸ்டேட், எல்லாக் கல்லூரிகளையும் சேர்த்தும் ஒரு சராசரி பார்க்கிறது. ஒரே மாநிலம், இரண்டு கணக்கு!

மொத்த சராசரியைத் தானே கணக்குப் போடும் மாணவர் வழக்கமாகச் செய்யும் தவறு, இரண்டு ஜி.பி.ஏ.வையும் கூட்டி இரண்டால் வகுப்பது. பழைய இடத்தில் 60 கிரெடிட்டுக்கு 3.8, புதிய இடத்தில் 30 கிரெடிட்டுக்கு 3.0 என்று வைத்துக்கொண்டால், அப்படி வருவது 3.4. இது தப்பு. ஒவ்வொன்றையும் அதன் கிரெடிட்டால் பெருக்க வேண்டும். 228, 90. மொத்தம் 318. அதை 90 கிரெடிட்டால் வகுத்தால் 3.53. பழைய கல்லூரி குவார்ட்டர் முறை என்றால், அந்தக் கிரெடிட்டுகளை முதலில் செமஸ்டர் கிரெடிட்டாக மாற்ற வேண்டும். 90 குவார்ட்டர் கிரெடிட் என்பது 60 செமஸ்டர் கிரெடிட்.

இந்த மாணவருக்குப் புதிய பல்கலைக்கழகம் காட்டுவது வெறும் 3.0. இரண்டு வருட உழைப்பு அந்த எண்ணில் இல்லை. கல்லூரிக்குக் கல்லூரி தேர்வின் கடினம் வேறுபடும், அதனால் கலக்கக் கூடாது என்பார்கள். சரி, அப்படியானால் கிரெடிட்டை மட்டும் எப்படி ஏற்றுக்கொண்டார்கள்? பாடம் தரமானது, அதில் வாங்கிய மதிப்பெண் மட்டும் தரமற்றதா?

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. முதலில் 60 கிரெடிட்டுக்கு 2.6 வாங்கியவர், புதிய இடத்தில் 30 கிரெடிட்டுக்கு 3.7 வாங்கினால், பழையது ஒழிந்தது என்று நிம்மதி அடைவார். ஆனால் சட்டக் கல்லூரிக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ விண்ணப்பிக்கும்போது, அந்த விண்ணப்பங்களைத் தொகுக்கும் அமைப்புகள் எல்லாக் கல்லூரி மதிப்பெண்களையும் கேட்டு வாங்கிச் சேர்த்துவிடும். 3.7 என்று நம்பியிருந்தவர் முன்னால் 2.97 வந்து நிற்கும்! அந்த அதிர்ச்சி கடைசி வருடத்தில் வருவதைவிட முதல் செமஸ்டரிலேயே வருவது நல்லது.

ஆகவே பல்கலைக்கழகங்கள் சான்றிதழில் இரண்டு எண்களையும் அச்சிட வேண்டும்: இங்கே வாங்கியது, மொத்தமாக வாங்கியது. அதில் பெரிய செலவு எதுவும் இல்லை. அதுவரை, மாறிவரும் மாணவர் பழைய மதிப்பெண் பட்டியலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் தானே கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.