இணையம் தெருவரை வந்துவிட்டது, அம்மாவின் அறைவரை வரவில்லை

எமது சிகிச்சை நிலையத்துக்கு வரும் ஓர் அம்மாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறோம். வயது எழுபத்தைந்துக்கு மேல். யூனியன்வில்லில் மகனுடைய வீட்டில் இருக்கிறார். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. அவரைக் கண் வைத்திய நிபுணரிடம் அனுப்பியிருந்தோம். திகதி மகனுடைய மின்னஞ்சலுக்குப் போனது. மகனுக்கு அந்த வாரம் இரவு வேலை. மின்னஞ்சல் விளம்பரங்களுக்கு நடுவே கிடந்தது. திகதி தவறிவிட்டது. அடுத்த திகதி கிடைக்க மாதங்கள் எடுத்தன. நீரிழிவு கண்ணின் விழித்திரையைப் பாதிக்கும்போது ஆரம்பத்தில் வலியும் இல்லை, பார்வைக் குறைவும் தெரியாது. தெரிய வரும்போது இழந்த பார்வையை மீட்பது கடினம்.

அந்த வீட்டில் இணையம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு திரையில் விளையாடுகிறார்கள். அம்மாவுக்குத்தான் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் முகவரி இல்லை.

அரசு எதை அளக்கிறது?

அதிவேக இணையம் ஓர் அடிப்படைச் சேவை என்று சி.ஆர்.ரி.சி. ஆணைக்குழு 2016 டிசம்பரில் அறிவித்தது. விநாடிக்கு 50 மெகாபிட் தரவிறக்கம், 10 மெகாபிட் பதிவேற்றம் என்பது அது வைத்த அளவுகோல். 2020 நவம்பரில் மத்திய அரசு 1.75 பில்லியன் டொலருடன் ஒரு பெரிய இணைய நிதியத்தைத் தொடங்கியது. பின்னர் அது 3.225 பில்லியனாக உயர்த்தப்பட்டது. 2026 க்குள் 98 வீதமான வீடுகளுக்கும், 2030 க்குள் எல்லா வீடுகளுக்கும் இந்த வேகம் கிடைக்க வேண்டும் என்பது இலக்கு. ஒன்ராறியோ மாகாண அரசும் தன் பங்குக்கு ஏறத்தாழ 4 பில்லியன் டொலர் ஒதுக்குவதாகச் சொன்னது.

இதை நாம் குறை சொல்லவில்லை. வட ஒன்ராறியோவில் பூர்வீகக் குடிகளின் ஊர்களில், நிபுணரைப் பார்க்க விமானம் ஏற வேண்டிய நோயாளிக்கு இணையம் உயிர் காக்கும் வசதி. அங்கே கம்பி போகத்தான் வேண்டும்.

ஆனால் இந்த மானியங்கள் எண்ணுவது கம்பி எட்டிய வீடுகளை. அந்த வரைபடத்தில் யூனியன்வில் எப்போதோ ‘சேவை உள்ள இடம்’ ஆகிவிட்டது. கென்னடி வீதியருகே ஒரு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்துகொண்டு, மாதக் கட்டணம் கட்ட முடியாமல் இணைப்பைத் துண்டித்த குடும்பமும் அந்தக் கணக்கில் ‘சேவை பெற்ற’ குடும்பமே. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த அப்பாவும் அப்படியே.

மனிதரை நோக்கிய திட்டங்களும் இருந்தன. 1990களின் நடுப்பகுதியில் தொடங்கிய சமூக அணுகல் திட்டம் நூலகங்களிலும் சமூக நிலையங்களிலும் பொதுமக்களுக்குக் கணினியும் இணையமும் கிடைக்க உதவியது. 2012 வசந்தத்துடன் மத்திய அரசு அந்த நிதியை நிறுத்திவிட்டது. வீட்டுக்கு வீடு இணையம் வந்துவிட்டது, இனித் தேவையில்லை என்பதே அப்போதைய எண்ணம். எம் போன்றவர்களின் வீடுகளில் யார் கையில் இணையம் இருக்கிறது என்பதை யாரும் கேட்கவில்லை.

இருபது டொலர் இணையமும் எமது பெற்றோரும்

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மலிவான இணையம் தரும் ‘கனெக்ரிங் ஃபமிலிஸ்’ திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2022 ஏப்ரலில் தொடங்கியது. மாதம் 20 டொலருக்கு 50/10 வேகம். பிள்ளைகளுக்கான உதவித்தொகையை உச்ச அளவில் பெறும் குடும்பங்களுடன், ஜி.ஐ.எஸ். எனும் முதியோர் வருமான உதவியை உச்ச அளவில் பெறுவோரும் சேர்க்கப்பட்டனர். நல்ல திட்டம். தகுதியுள்ளோருக்குக் கடிதம் வரும். ஆங்கிலக் கடிதம்தானே என்று அதைக் குப்பையில் போட்டவர்களை நாம் அறிவோம்.

ஆனால் எமது பெற்றோர் பலருக்கு அந்தக் கடிதமே வராது. பிள்ளைகள் பொறுப்பேற்று அழைத்த பெற்றோருக்கு, பொறுப்பேற்புக் காலத்தில் பொதுவாக ஜி.ஐ.எஸ். கிடைப்பதில்லை. 2014 முதல் புதிதாகப் பொறுப்பேற்போருக்கு அந்தக் காலம் 20 ஆண்டுகள். எழுபது வயதில் வந்தவர் தொண்ணூறு வயது வரை காத்திருக்க வேண்டும்! கையில் சொந்தமாக ஒரு சதமும் இல்லாத முதியவர்தான் இந்தத் திட்டத்துக்கு வெளியே நிற்கிறார். இதை மாற்றும்படி எமது பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்பதற்கு நியாயம் உண்டு.

எம்மிலும் பிழை உண்டு

வைத்தியர்களாகிய நாமும் இதில் நிரபராதிகள் அல்லர். 2020 மார்ச்சில் தொற்று வந்தபோது ஒரே வாரத்தில் தொலைபேசிக்கும் வீடியோவுக்கும் மாறினோம். அது அவசியம். தொற்றுத் தணிந்த பின்பும் எமக்கு வசதியாக இருந்ததை வைத்துக்கொண்டோம். 2021 மார்ச்சில் 80 வயதுக்கு மேற்பட்டோருக்குத் தடுப்பூசிப் பதிவு இணையத்தில் திறந்தபோது, பதிவு செய்யத் தெரிந்த பேரப்பிள்ளை இருந்த வீட்டுக்கு முதலில் ஊசி கிடைத்தது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

இன்னொரு நோயாளியுடன் வீடியோவில் பேசினோம். மருமகள் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஒண்டுமில்லை டொக்டர், நல்லாத்தான் இருக்கிறன்” என்றார் மாமியார். மூன்று வாரம் கழித்துத் தனியே நேரில் வந்தபோதுதான், இரவில் நித்திரை இல்லை, குளியலறையில் இரண்டு தரம் விழுந்தவர் என்பது தெரிந்தது. மருமகளில் ஒரு பிழையும் இல்லை. பிள்ளைகளுக்குப் பாரமாகக் கூடாது என்று நினைக்கும் ஒருவர், பிள்ளைகளுக்கு முன்னால் வாய் திறக்க மாட்டார். மனச்சோர்வு, சிறுநீர்க் கட்டுப்பாடு இல்லாமை, மருந்துகளை நிறுத்தியது, சில வீடுகளில் ஏச்சும் பேச்சும் – இவையெல்லாம் தனிமையில் மட்டுமே சொல்லப்படுபவை. வைத்தியரை எட்டும் ஒரே வழி இன்னொருவரின் போன் என்றால் அந்தத் தனிமை எங்கே?

என்ன செய்யலாம்?

எமது சங்கம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மத்திய அரசின் ‘நியூ ஹொறைசன்ஸ்’ முதியோர் திட்டத்தில் சமூக அமைப்புகள் 25,000 டொலர் வரை மானியம் கேட்கலாம். ஆண்டு விழாக்களுக்கு நாம் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை இந்த விண்ணப்பத்துக்குச் செலவிட்டால், முதியோருக்குத் தமிழில் இணைய வகுப்பு நடத்தலாம். உயர்தரப் பாடசாலை மாணவருக்குப் பட்டம் பெற 40 மணி நேரத் தொண்டு தேவை. பிள்ளைக்கு மணி நேரம், அம்மாச்சிக்குக் கல்வி. யூனியன்வில் நூலகத்தில் பொதுக் கணினியும் உண்டு.

வீட்டில் செய்யக்கூடியவை சில:

– அம்மா அப்பாவுக்குத் தனி மின்னஞ்சல் முகவரியும், தமிழ் எழுத்தில் அமைத்த தனிக் கைத்தொலைபேசியும் கொடுங்கள்.

– வீடியோவை இணைத்துவிட்டு, அறையைவிட்டு வெளியே வாருங்கள். தேவையென்றால் கூப்பிடுவார்கள்.

– மின்னஞ்சலில் வரும் திகதிகளைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள்.

– இணையம் வராதவர்கள் எந்த நேரமும் 811 ஐ அழைத்துத் தாதி ஒருவருடன் பேசலாம். தமிழில் மொழிபெயர்ப்பு வேண்டும் என்று கேளுங்கள். அவசரம் என்றால் 911.

– நேரில் பார்க்க வேண்டும் என்று வைத்தியரிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

ஊரில் போர்க்காலத்தில் ஒரு தொலைபேசி அழைப்புக்காகக் கொழும்பில் நாள்கணக்காய்க் காத்திருந்த சமூகம் நாம். தொடர்பு அறுந்தால் என்ன நடக்கும் என்று எமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அரசிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம். அதற்கு முன், இன்று இரவே அம்மாவின் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரியைத் திறந்து, அடுத்த முறை வரும்போது எமது வரவேற்பு மேசையில் அதைக் கொடுத்துவிடுங்கள்.