உனக்கு எப்படி நேரம் கிடைக்குது?

பதினோராம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. எத்தனை மார்க் என்பதுகூட இதற்கு அடுத்துதான். வகுப்பாசிரியை கேட்டார், பக்கத்து வீட்டு அக்கா கேட்டார், கல்யாண வீடுகளில் பார்த்த பெரியம்மாக்கள் எல்லோரும் கேட்டார்கள். அவர்கள் சுட்டிக்காட்டியது இரண்டு பின்னல் ஊசிகளை, ஓர் உல்லன் உருண்டையை, ஒரு தக்ளியை, கொஞ்சம் பஞ்சை. ஆசையாகக் கேட்டவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் கேட்டது, கையில் புதுப் பொருள் வைத்திருக்கும் ஏழைப் பிள்ளையிடம் “இது உனக்கு ஏது?” என்று கேட்கும் தொனியில். நேரம் என்பது என்னிடம் இருக்கக் கூடாத பொருள், ஆகவே எங்கிருந்தோ எடுத்திருக்கிறேன்.

எங்கிருந்தும் எடுக்கவில்லை. ஆனாலும் கேட்டவர்களுக்காக முதலில் அந்தப் பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்கும் வேடசந்தூருக்கும் நடுவில். வெயில் ஊரில் உல்லன் எதற்கு என்றால், என் சித்தி இருப்பது கொடைக்கானலில். ஒரு கோடை விடுமுறையில் அவர் கண்ணி போடக் கற்றுக்கொடுத்தார். நூற்பது அப்பத்தாவிடமிருந்து வந்தது. ஆதாரப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர் அவர். பாடம் எல்லாம் மறந்துவிட்டது, தக்ளி மறக்கவில்லை. நூற்பதற்குக் கண்ணும் இரண்டு கையும் வேண்டும். பஞ்சை இழுக்கும் வேகமும் தக்ளி சுற்றும் வேகமும் ஒத்துப்போகாவிட்டால் இழை அறுந்து தக்ளி தரையில் விழும். அதனால் படித்து முடித்த பிறகு இருபது நிமிடம், அவ்வளவுதான். பின்னல் வேறு மாதிரி. ஒரே வகைக் கண்ணியாகப் போகும் மஃப்ளர் என்றால் பத்து நாளில் விரல்கள் தானாகப் போகும். கரிம வேதியியல் வினைகளை வாய்விட்டு ஒப்பித்துக்கொண்டே ஆறேழு வரிசை போட்டுவிடலாம். கண்ணி எண்ண வேண்டிய பூ டிசைன்கள் தேர்வு முடியும்வரை பெட்டிக்குள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம், கரண்ட் போன நேரம், டியூஷன் சார் வரத் தாமதமாகும் நேரம். இவ்வளவுதான் என் ‘சமாளிப்பு’. ஒரு பத்தியில் முடிந்துவிட்டது, பாருங்கள். இதற்காகவா இரண்டு வருடம் விசாரித்தீர்கள்?

இப்போது நான் கேட்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம், ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு எழுதினேன். தண்ணீர் பிடித்தது, பாத்திரம் கழுவியது, துணி காயப்போட்டு மடித்தது, ஞாயிற்றுக்கிழமை மாவு ஆட்டியது, வந்தவர்களுக்குக் காபி போட்டது: பதினொரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். உல்லனும் பஞ்சும் சேர்ந்து நான்கு மணி நேரம்கூட இல்லை. அந்தப் பதினொரு மணி நேரத்தைப் பற்றி, “படிப்புக்கு நடுவில் உனக்கு எப்படி நேரம் கிடைக்குது?” என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. அதே பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பை எனக்கு முன்னால் முடித்த என் அண்ணன் ஞாயிறு முழுக்கக் கிரிக்கெட் ஆடினான். அதற்குப் பெயர் ‘மூளைக்கு ஓய்வு’. அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆடட்டும். மூளை எனக்கும் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019இல் இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். அந்த 97இல் வருவோர் ‘செய்யும்’ ஆண்கள் மட்டுமே என்பதையும் கவனியுங்கள், செய்யாதவர்கள் கணக்கிலேயே வரவில்லை. ஒரு பெண்ணின் நாளில் ஐந்து மணி நேரத்தை இப்படி எடுத்துக்கொள்ளும் சமூகம், மீதியில் இருபது நிமிடம் தக்ளி சுற்றினால் நேர மேலாண்மை வகுப்பு எடுக்கிறது.

எனக்காகப் பரிந்து பேசியவர்களும் இருந்தார்கள். பின்னினால் கவனம் கூடும், கணக்கு நன்றாக வரும், பதற்றம் குறையும், பின்னாளில் ஒரு கைத்தொழில் ஆகும். அன்போடுதான் சொன்னார்கள். ஆனால் இந்த வக்காலத்தையும் நான் ஏற்கவில்லை. எனக்குப் பின்னினால் கணக்கு நன்றாக வரவில்லை, கணக்குப் போட்டதால்தான் வந்தது. ஒரு பெண் பிள்ளை தனக்காகச் செலவிடும் இருபது நிமிடம் மார்க்காகவோ காசாகவோ திரும்பி வந்தால்தான் செல்லும் என்ற கணக்கு இதிலும் ஒளிந்திருக்கிறது. உல்லன் விரலில் ஓடுவது எனக்குப் பிடித்திருந்தது. தடித்தும் மெலிந்தும் வந்த என் முதல் நூலை யாரும் நெய்ய முடியாது, அதுவும் பிடித்திருந்தது. இதற்கு மேல் காரணம் கேட்பவர்கள் முதலில் கேரம்போர்டைப் போய்க் கேட்கட்டும்.

நூற்பது நேர விரயம் என்பது ஆள் பார்த்துச் சொல்லப்படும் பேச்சு. காந்தி நாள்தோறும் நூற்றார். ஒரு நாட்டின் அரசியலை நடத்திக்கொண்டு இதற்கு எப்படி நேரம் கிடைக்கிறது என்று யாரும் அவரைக் கண்டித்ததாகத் தெரியவில்லை. நேரு சிறையில் நூற்ற நூலில் நெய்த சேலையைத்தான் 1942இல் தன் திருமணத்தில் இந்திரா உடுத்தினார், அதைப் பெருமையோடு இன்றும் சொல்கிறோம். 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு, கைத்தொழிலை மையமாக வைத்தே பாடம் நடத்த வேண்டும் என்றது. அப்பத்தா கையில் தக்ளி வந்த வழி அதுதான். பக்கத்து பெஞ்சில் பையன்களும் நூற்றார்கள் என்று அவர் சொல்வார். இன்னும் பழைய சாட்சி வேண்டுமென்றால் நன்னூல் இருக்கிறது. ஒரு புத்தகம் உருவாவதைப் பவணந்தியார் பருத்தி நூற்பதோடு ஒப்பிடுகிறார். சொல்தான் பஞ்சு, புலவர்தான் நூற்கும் பெண், வாய் அவள் கை, அறிவு கதிர். தமிழில் புத்தகத்துக்கும் இழைக்கும் ஒரே சொல் இருப்பதை நாம் சும்மா மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம்.

நான் படித்த பள்ளியில் பையைச் சோதித்து ஊசிகளையும் தக்ளியையும் எடுத்துக்கொண்டார்கள். அம்மாவை வரச் சொன்னார்கள். “பசங்க மொபைல்ல கெடுறாங்க, உங்க பொண்ணு இதுல” என்றார் வகுப்பாசிரியை. அடுத்த மாதம் ஆண்டு விழா. சிறப்பு விருந்தினர் பார்ப்பதற்குக் கைவினைப் பொருள் மேசை ஒன்று வைக்க வேண்டும். அதே ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, “நாலஞ்சு ஐட்டம் கொண்டு வாம்மா” என்றார். வீட்டிலும் இப்படித்தான். படிக்கும் பிள்ளைக்கு இது வேண்டாத வேலை. வரன் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும், “பொண்ணுக்குக் கைவேலை எல்லாம் தெரியும்.” விருந்தினருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் என்றால் அந்த உல்லன் நல்லது.

இதில் மிகக் கசப்பான பகுதிக்கு வருகிறேன். எங்கள் பஸ் நிறுத்தத்தில் காலையில் இரண்டு வண்டிகள் நிற்கும். ஒன்று பள்ளிப் பேருந்து, இன்னொன்று நூற்பாலை வேன். வேனில் ஏறுகிறவர்களில் என் வயதுப் பெண்களும் உண்டு. ஒன்பதாவது வரை என்னோடு படித்த ஒருத்தி அதில் போனாள். திண்டுக்கல், ஈரோடு, கோவை, திருப்பூர் மாவட்டங்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நடந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். பதின்வயதுப் பெண்களை, பெரும்பாலும் தலித் மற்றும் ஏழைக் குடும்பங்களிலிருந்து, மூன்று வருட ஒப்பந்தத்தில் ஆலை விடுதியில் தங்க வைத்தார்கள். கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, கடைசியில் மொத்தமாகக் கல்யாணச் செலவுக்கு என்று கொடுத்தார்கள். நடுவில் உடம்புக்கு முடியாமல் கிளம்பினால் அந்த மொத்தத் தொகை கைக்கு வருவது கடினம். வரதட்சணையை 1961இல் சட்டம் தடை செய்த நாட்டில், வரதட்சணைக்காகவே ஒரு வேலைத் திட்டம். அந்தப் பெயரை இப்போது யாரும் பலகையில் எழுதுவதில்லை. வேன் வருகிறது.

அந்தப் பெண்ணும் நூல்தான் நூற்றாள். இராத்திரி ஷிப்ட், பஞ்சுத் தூசி, அறுந்த இழையை ஓடி ஓடி இணைப்பது. படிக்கிற வயதில் இதற்கு எப்படி நேரம் கிடைக்கிறது என்று அவளிடம் ஆசிரியர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. அவளுடைய நாள் முழுவதும் நூற்பதற்கு உரியது என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். என்னுடைய இருபது நிமிடத்தை மட்டும் யாராலும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பெண் பிள்ளைகள் நூற்பதில் இவர்களுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, தங்களுக்காக நூற்பதில்தான் இருக்கிறது. எனக்கும் அவளுக்கும் இடையில் சாதியும் காசும் போட்ட தூரம் பெரியது. அதை மறைத்து ‘நாம் எல்லோரும் பெண்கள்’ என்று பேச நான் தயாரில்லை. பொழுதுபோக்கு என்ற சொல்லைப் பயன்படுத்த எனக்கு வாய்த்ததே என் அப்பா மாதச் சம்பளக்காரர் என்பதால்தான்.

அதனால் இந்த நேரத்தைத் தனித்தனியாக வீட்டில் கெஞ்சி வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பள்ளிக்கூட கால அட்டவணையில் அது இருக்க வேண்டும். பெயருக்கு இருக்கவும் செய்கிறது. ஓவியம், தையல், விளையாட்டு என்று எழுதியிருக்கும் பீரியடில் கணக்கு வாத்தியார் வந்து நிற்பதைப் பார்க்காத மாணவி தமிழ்நாட்டில் உண்டா? 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு உடற்கல்வி, ஓவியம், தையல் போன்ற பாடங்களுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் சென்னைத் தெருக்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். தையல் பாடத்தை எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மாணவிக்கு உபரி நேரம், ஆசிரியைக்கு உபரிச் சம்பளம்.

அவர்களை நிரந்தரமாக்குங்கள். அந்த வகுப்பைப் பன்னிரண்டாம் வகுப்புவரை கொண்டுபோங்கள், பையன்களையும் உட்கார வையுங்கள், பரீட்சை வைக்காதீர்கள். எங்கள் பள்ளியில் பறித்த தக்ளியை டி.சி. வாங்கிய அன்று கேட்டேன். பீரோ சாவி இருக்கிறவர் லீவு என்றார்கள்.