தோட்டப் பூக்களும் பறவை மிருகங்களும்

மாசி முதல் சித்திரை வரையுள்ள காலம் தோட்டக்காரருக்கு நம்பிக்கையும் கவலையும் கலந்த காலமாகும். மாமரத்தில் பூங்கொத்துகள் விரிகின்றன. முருங்கை வெள்ளைவெளேரெனப் பூத்து நிற்கிறது. மல்லிகைச் செடியில் மொட்டுகள் பெருகுகின்றன. இதே காலத்தில் மயிலும் கிளியும் அணிலும் குரங்கும் தோட்டத்தை நாடி வருகின்றன. காலையில் மரத்தடியில் பூ உதிர்ந்து கிடப்பதைக் கண்ட குடியானவர், கிளையில் அமர்ந்திருக்கும் பறவையே அதற்குக் காரணமென்று தீர்மானித்துவிடுகிறார். சிலர் அத்துடன் நில்லாமல், தானியத்தில் விஷத்தைக் கலந்து வரப்பில் தூவவும் துணிகின்றனர். குடியானவரின் மனக்குறை நியாயமானதே. ஆனால் இப்பரிகாரம் நியாயமானதுமன்று, பயனுள்ளதுமன்று.

முதலில் செய்யத்தக்கது யாதெனில், சேதம் செய்தது எது என்று நிச்சயித்துக் கொள்வதாகும். மாமரத்தின் ஒரு பூங்கொத்தில் 1000-க்கு மேற்பட்ட பூக்கள் உண்டு. அவற்றுள் பல ஆண் பூக்கள், அவை காய்ப்பதில்லை. எஞ்சியவற்றிலும் மிகச் சிலவே பிஞ்சாகி முதிர்கின்றன. எனவே மாம்பூ உதிர்வது பெரும்பாலும் இயற்கையே. அதற்கு மேலும் கொத்து கருகினால், சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சியையோ, வெண்பொடி படர்ந்தாற்போல் தோன்றும் சாம்பல் நோயையோ சந்தேகிக்க வேண்டும். முருங்கையிலும் மல்லிகையிலும் மொட்டுப்புழு உள்ளே துளைத்துத் தின்பதால் மொட்டுகள் மலராமலே வீணாகின்றன. புழு தாக்கிய மல்லிகை மொட்டு ஊதா நிறங் கொள்ளும்.

இதை அறிவது கடினமன்று. உதிர்ந்த மொட்டுகளில் பத்தைப் பொறுக்கிப் பிளந்து பார்க்க வேண்டும். சிறு துளையும் உள்ளே புழுவின் எச்சமும் காணப்பட்டால் குற்றவாளி புழுவேயாகும். இதழ் கிழிந்தும், காம்பு கடிபட்டும், கொத்து ஒடிந்தும் கிடந்தால் பறவையையோ மிருகத்தையோ ஐயுறலாம். இச்சோதனைக்குக் கால் மணி நேரம் போதும். இதைச் செய்யாமல், புழுவைத் தின்ன வந்த குருவியை விரட்டுவது, காவற்காரனை அடித்துத் துரத்திவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதை ஒக்கும்.

இவ்வாறு காவற்காரனைத் துரத்திய தேசமும் ஒன்று உண்டு. 1958-ஆம் ஆண்டில் சீனாவில் சிட்டுக்குருவியைத் தானியக் கள்ளனென்று கருதி, நாடெங்கும் அதைக் கொன்றொழிக்க முற்பட்டனர். பயிரைத் தின்னும் பூச்சிகளைக் குருவிகளே அடக்கி வந்தன என்பது பின்னரே உணரப்பட்டு, 1960-இல் ஒழிக்கத்தக்கவற்றின் பட்டியலிலிருந்து குருவியின் பெயர் நீக்கப்பட்டது.

இவ்வாறு கூறுவதனால் எல்லாப் பிராணிகளும் நிரபராதிகள் என்பது கருத்தன்று. கிளி தேனுக்காகப் பூவைக் கடித்து, உண்பதைவிட மிகுதியாக வீணாக்கும். மயில் மொட்டையும் இளந்தளிரையும் கொத்தும். குரங்குக் கூட்டம் பூவைத் தின்பதோடு கிளையையும் முறிக்கும். இவற்றால் நேரும் நஷ்டத்தை அற்பமென்று ஒதுக்குவது அந்நஷ்டத்தை அனுபவியாதவர்களுக்கே எளிது.

ஆயினும் விஷம் வைப்பது ஒருபோதும் தகாது. மயில் 1963-ஆம் ஆண்டில் தேசியப் பறவையாகத் தெரிந்தெடுக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இடம் பெற்றுள்ளது. அதைக் கொன்றவருக்கு 3 ஆண்டுகளுக்குக் குறையாமல் 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். ஒரு பருவத்துப் பூவைக் காக்கப் புறப்பட்டு, குடும்பத்தையே தவிக்க விடுவது எவ்வகையில் இலாபமாகும்? மேலும், வரப்பில் தூவிய விஷம் ஆளறிந்து வேலை செய்வதில்லை. வீட்டுக் கோழியும் அதைத் தின்னும். செத்த பறவையைத் தின்ற நாயும் மாளும்.

காவலே தக்க பரிகாரம். மயில் பெரும்பாலும் காலையிலும் பிற்பகலிலும் மேயுமாதலால், அவ்வேளைகளில் தோட்டத்தில் ஆள் நடமாட்டம் இருத்தல் வேண்டும். சிறு மல்லிகைத் தோட்டத்துக்குப் பழைய மீன்வலையைக் கழிகளின் மேல் தொய்வின்றிக் கட்டலாம். ஒரு புறம் சிவப்பும் மறுபுறம் வெள்ளி நிறமும் உடைய மினுமினுப்பு நாடாவை முறுக்கிக் கட்டினால், அது வெயிலில் பளிச்சிட்டும் காற்றில் ஒலித்தும் பறவைகளை அகற்றும். எந்த உபாயமாயினும் சில நாட்களில் பறவைக்குப் பழகிவிடும். ஆகையால் நாடாவையும் வைக்கோற் பொம்மையையும் அடிக்கடி இடம் மாற்றவேண்டும். பூப்பருவம் முடிந்தவுடன் அவிழ்த்துவிடவும் வேண்டும்.

ஒருவர் மட்டும் காவல் காப்பதால் பயன் குறைவு. ஒரு தோட்டத்திலிருந்து விரட்டப்பட்ட கிளி அடுத்த தோட்டத்தில் இறங்கும். அங்கிருந்து விரட்டப்பட்டால் திரும்பி வரும். அடுத்தடுத்த தோட்டக்காரர்கள் கூடி முறைக்காவல் ஏற்படுத்திக் கொண்டால் செலவும் குறையும், பலனும் மிகும். இங்கே கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் கடமை உண்டு. சாலையோரத்திலும் கோயிலண்டையிலும் குரங்குகளுக்குத் தீனி போடும் வழக்கத்தையும், எச்சிற்பண்டங்களைத் திறந்த வெளியில் கொட்டுவதையும் அவர்கள் தடுக்க வேண்டும். ஊராரின் கையால் தின்று பழகிய குரங்கு, ஊராரின் தோட்டத்துக்குள் வர அஞ்சுவதில்லை. குரங்கின் தொல்லை மிகுந்த இடங்களில், தனியார் எவரும் கண்ணி வைக்க முற்படாதபடி பார்த்துக்கொண்டு, வனத்துறையினருக்கு உடனே எழுதிக் கேட்பதும் அவர்களையே சார்ந்தது.

ஆகவே, நிலச்சொந்தக்காரர்கள் பூ உதிர்ந்ததும் முதலில் மரத்தடியில் குனிந்து பார்ப்பார்களாக. கிளையிலிருக்கும் பறவையை அதன் பின்னர் நோக்குவார்களாக. பகை இன்னதென்று அறிந்தபின் செய்யும் காவலுக்கே பலன் உண்டு.