ஆகஸ்ட்டில் தாரா காட்டப் போன நாங்கள்

ஊசிவால் வாத்தின் படத்தைத் தூக்கிக் காட்டி, "இது என்ன பறவை, ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டோம். சனசமூக நிலையத்தில் முன்னுக்கு இருந்த பிள்ளை ஒன்று கையை உயர்த்தியது. "அக்கா, இந்தத் தாரா மாரிக்கெல்லோ வரும். இப்ப ஏன் காட்டுறீங்கள்?"

எங்களிடம் பதில் இல்லை. சுண்டிக்குளம் பக்கத்துக் கரையோரக் கிராமம் ஒன்றுக்கு, கம்பஸ் லீவில் இரண்டு மாதப் பயிலுநர்களாகப் போயிருந்தோம். வேலை: மக்களுக்குப் பறவைகள் பற்றியும் மீன்பிடி பற்றியும் "விழிப்புணர்வு" கொடுப்பது. திட்டத்தாளில் "கோடைகாலம்" என்று இருந்தது, அதனால் ஆகஸ்ட். எங்கட ஊரில் காலம் சோளகமும் வாடையும்தானே. வலசைப் பறவைகள் கூட்டமாக இறங்குவது வாடையோடு. சோளகம் வீசுகிற மாதத்தில், வத்திப்போன களப்பைக் காட்டிப் பறவை படிப்பித்த ஆக்கள் நாங்கள்.

மற்றது தூண்டில். வெளிநாட்டுப் பூங்காக்களில் நகரத்துக் குடும்பங்களைக் கூப்பிட்டு மீன்பிடிக்கப் பழக்குவார்கள். அங்கே அது நல்ல விசயம். அதை அப்படியே கொப்பியடித்து, சிறகுவலை கட்டுகிற தகப்பன்மாரின் பிள்ளைகளுக்கு பிளாஸ்டிக் தூண்டில் கொடுத்தோம். பெடியள் சிரித்தார்கள். நியாயம்தான்.

ஆனால் இது வெறும் பகிடி இல்லை. சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயம். 2015இல் தேசியப் பூங்காவானது. பெயர் மாறினால் சட்டமும் மாறும். சரணாலயத்தில் சனம் குடியிருந்து தொழில் செய்ய இடமுண்டு. தேசியப் பூங்கா என்பது, அனுமதி எடுத்து உள்ளே போய் வனவிலங்குகளைப் பார்க்கவும் படிக்கவுமான இடம். அதே தண்ணீரில் பைனாகுலரோடு நிற்கிற நாங்கள் விருந்தாளிகள், வீச்சுவலையோடு நிற்கிற அப்பா குற்றவாளி. அந்த அப்பாவின் பிள்ளைக்குத்தான் "பறவைகளை நேசியுங்கள்" என்று வகுப்பெடுத்தோம். எல்லை எங்கே போகிறது, ஆரைக் கேட்டுப் போட்டார்கள் என்று பிள்ளைகள் கேட்டபோது, "அது எங்கட பாடத்திட்டத்தில் இல்லை" என்று சொல்லி நழுவினோம். வெட்கக்கேடு.

தொழிலாளர் எல்லாரும் புனிதர் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. தங்கூசி வலை தடை. பாவிக்கிற ஆக்களும் இருக்கினம். கழித்துவிட்ட துண்டுகள் பறவையின் காலில் சுற்றினால் அது அறுத்துக்கொண்டு செத்துப்போகும். இதை எங்களுக்குச் சொன்னதே ஒரு வயதான தொழிலாளிதான். கரையில் கிடந்த ஒரு சுருளைக் காலால் தட்டிக்காட்டி, "தம்பியவை, இதைப்பற்றிக் கதைச்சிருக்கலாமே" என்றார். உண்மையில் அந்த இரண்டு மாதத்தில் நடந்த ஒரேயொரு நல்ல வகுப்பு அதுதான். நடத்தினவருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. எங்களுக்கு மாதப்படி கிடைத்தது. "சமூகத் தலைமைத்துவம்" என்று சான்றிதழும் தந்தார்கள், அதை சீவியில் போட்டும் விட்டோம்.

இந்த வருசத்துக்கும் விண்ணப்பம் கோரியிருக்கிறார்கள். காலம் திரும்பவும் ஜூலை, ஆகஸ்ட். போகிற ஆக்கள் கையெழுத்து வைக்க முன்னம் மூன்றைக் கேளுங்கோ: ஏன் மார்கழியில் இல்லை? அந்த ஊர்த் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுத்து அவரை முன்னுக்கு விட்டால், கொப்பியோடு பின்னால் நாங்கள் நடந்தால் என்ன? பூங்கா எல்லையைப் பற்றி ஊருக்குள் கதைக்க எங்களை விடுவீர்களா?

மூன்றாவதுக்கு "இல்லை" என்று சொன்னால், தயவுசெய்து போகாதேங்கோ.