கையெழுத்துப் போட்டவர் எங்கே?

பையன் அகப்பட்டான். பையன் தண்டிக்கப்பட்டான். பத்திரிகையிலும் பையன் பெயர்தான் வந்தது. சரி, அவனைத் தேடிப் பிடித்து அழைத்துவந்து, சீருடை மாட்டி, அவன் வயதுத் தாளிலே கையெழுத்தும் போட்டுக் களத்தில் இறக்கிவிட்டாரே ஒருவர், அவர் எங்கே? இதைத்தான் நாம் கேட்கிறோம்.

ராதாபுரம் வட்டாரத் தோழர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். உவரியிலும் இடிந்தகரையிலும் கடற்கரை மணலில் வெறுங்காலோடு பந்து உதைக்கும் பிள்ளைகளைப் பார்த்தவர்கள் நாம். பனையேறியின் மகனும் பீடி சுற்றும் தாயின் மகனும் மூச்சைப் பிடித்துக் கபடி பாடிப் போவதைக் கண்டு கைதட்டியவர்கள் நாம். அந்தப் பிள்ளைகளுக்கு ஆட்டம் பொழுதுபோக்கா? அல்ல! பாளையங்கோட்டையில் கல்லூரியில் ஓர் இடம், விடுதியிலே வேளைக்குச் சோறு, பின்பு போலீசிலோ ரயில்வேயிலோ ஓர் உத்தியோகம். இவ்வளவும் ஒரு சான்றிதழில் அடங்கிக் கிடக்கின்றன. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடம் உண்டு. அடுத்த மாவட்டத்து மணத்தி என்ற சிற்றூரிலிருந்து புறப்பட்ட கணேசன், 1994-ல் ஹிரோஷிமாவிலே தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இருந்தார். அர்ஜுனா விருதும் பெற்றார். அப்படி ஒருவர் போன வழியைப் பார்த்துத்தான் நூறு பிள்ளைகள் காத்து நிற்கிறார்கள்.

அந்த வழியிலே முள்ளை வெட்டிப் போடுகிறவன் யார்? 14 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்திலே மீசை அரும்பியவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறவன்! கோப்பை அவன் பள்ளிக்குப் போகிறது. எலும்பு முறிவது எதிரே நிற்கும் சின்னஞ்சிறு பையனுக்கு. அணியிலே இடமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட மூன்றாவது பையன் ஒருவன் இருக்கிறானே, அவனைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அவன் மறுவாரம் அப்பனோடு வேலைக்குப் போய்விடுகிறான்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். தவறான தேதியெல்லாம் மோசடி அல்ல. வலக்கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடக்காதைத் தொட்டுக் காட்டினால் பள்ளியிலே சேர்த்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. தலைமையாசிரியர் கணக்குப் பார்த்து ஒரு மே மாதத் தேதியையோ ஜூன் மாதத் தேதியையோ எழுதிக்கொண்டார். நம் வீட்டுப் பெரியவர்களில் பாதிப்பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்களே! அது அறியாமை. ஆனால் பிறப்புச் சான்று கையிலிருக்க, போட்டிக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று என்று இரண்டு தாள் தயாரிப்பது அறியாமையா? பன்னிரண்டு வயதுப் பையனா அதைத் தயாரிக்கிறான்?

2015 டிசம்பரில் டெல்லியில் நடந்த பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் ராகுல் டிராவிட் இதைத்தான் எடுத்துச் சொன்னார். பெற்றோரோ பயிற்சியாளரோ தேதியை மாற்றும் இடத்திலேதான் தீமை தொடங்குகிறது என்றார். ஏமாற்றலாம் என்று பெரியவர்களே பிள்ளைக்குப் பாடம் நடத்துகிறார்கள் என்று வருந்தினார். ஆனால் நடந்தது என்ன? ஐ.பி.எல். ஆட்டத்தில் மும்பை அணிக்கு ஆடிய காஷ்மீர் இளைஞர் ரசிக் சலாமுக்கு, வயதுச் சான்று சரியில்லை என்று 2019-ல் கிரிக்கெட் வாரியம் இரண்டாண்டுத் தடை விதித்தது. தடை தவறு என்று நாம் வாதாடவில்லை. நாடு அறிந்த பெயர் அந்த ஒன்றுதான் என்பதே நம் வருத்தம்.

2001-ல் அமெரிக்காவிலே சிறுவர் பேஸ்பால் போட்டியில் டேனி அல்மோன்டே என்ற பையன் எல்லோரையும் வியக்க வைத்தான். 12 வயது என்றார்கள், விசாரித்தால் 14. அவன் மீது குற்றமில்லை என்று விட்டுவிட்டார்கள். அணியை நடத்திய ரோலாண்டோ பாலினோவுக்கும் பையனின் தகப்பனுக்கும் ஆயுள் தடை விதித்தார்கள். நியாயம் என்றால் இது நியாயம்!

அமெரிக்காவெல்லாம் யோக்கியம் என்று எண்ணிவிட வேண்டாம். அங்கே கல்லூரி ஃபுட்பால் என்று ஒன்று உண்டு. நம் ஊர்க் கால்பந்து அல்ல. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு முட்டி மோதி ஓடும் ஆட்டம். அதைப் பார்க்க ஒரு லட்சம் பேர் கூடுவார்கள். பல மாநிலங்களிலே அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களில் முதலிடம் ஆளுநருக்கு அல்ல, அரசுக் கல்லூரியின் ஃபுட்பால் கோச்சுக்கு! நல்ல ஆட்டக்காரனைப் பள்ளியிலிருந்தே வளைத்துப் பிடிக்கப் பணம், விருந்து, வாடகை என்று மறைவிலே கொடுத்தார்கள். டெக்சஸ் மாநிலத்து சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் இப்படிப் பணம் கொடுத்துப் பலமுறை அகப்பட்டது. 1987-ல் அந்த ஆண்டு ஆட்டமே கூடாதென்று அணியை முடக்கினார்கள். ஆட்டக்காரர்கள் மூலைக்கொருவராகச் சிதறினார்கள். பணம் கொடுப்பதைத் தொடரச் சம்மதித்தவர்களில் தாமும் ஒருவர் என்று அந்த மாநில ஆளுநர் பில் கிளெமென்ட்ஸே ஒப்புக்கொண்டார். அவருக்கு என்ன ஆயிற்று? 1991 வரை அவர்தான் ஆளுநர்!

பட்ட பிறகு புத்தி வந்தது. உதவியாளர் செய்த தவறு தலைமைக் கோச்சுக்குத் தெரிந்திருக்கும் என்றே கொள்ளப்படும், இல்லையென்றால் அவரே நிரூபிக்கட்டும் என்று 2013-ல் விதியை இறுக்கினார்கள். 2023 முதல் அந்தச் சாக்கும் போயிற்று. தெரியாது என்றாலும் பொறுப்பு அவருடையதே; தண்டனையைக் குறைக்கத்தான் வாதாடலாம். அதே ஆண்டு ஜூலையில் டென்னசி பல்கலைக்கழகத்தின் வழக்கிலே 200-க்கு மேற்பட்ட மீறல்கள் வெளிப்பட்டன. முன்னாள் கோச் ஜெரமி புரூயிட்டுக்கு ஆறாண்டுக் கட்டுப்பாடு விழுந்தது. பல்கலைக்கழகம் 80 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் கட்டியது. ஆனால் பின்னால் வந்து சேர்ந்த பிள்ளைகளின் ஆட்டத்தைத் தடுக்கவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. ஏழைப் பையனுக்குப் பணம் கொடுத்தது அன்று குற்றம். அவன் வியர்வையில் கோடிகள் சம்பாதித்த கல்லூரியே அவனுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று 2025 ஜூலையில் கதவு திறந்தது. அந்த விதி போனதற்கு நாம் கண்ணீர் விடவில்லை. உழைத்தவனுக்குக் கூலி வேண்டும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஒரே ஒரு வரியை: மேலே இருப்பவர் பொறுப்பு.

அந்த வரியை இங்கே பொருத்தும்போது ஜாக்கிரதை வேண்டும். நம் ஊர் டிரில் மாஸ்டர் அமெரிக்கக் கோச் அல்லர். 2012-ல் அரசுப் பள்ளிகளுக்கு 16,000-க்கு மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்களே, அவர்களிலே உடற்கல்வி ஆசிரியர்களும் உண்டு. தம் கைக்காசில் பிள்ளைகளுக்கு வாழைப்பழமும் முட்டையும் வாங்கிக்கொடுத்துப் போட்டிக்குக் கூட்டிப் போகும் மாஸ்டர்களையும் நாம் அறிவோம். கோப்பை வேண்டும் என்று மிரட்டும் நிர்வாகி குளிர்ந்த அறையில் இருக்க, மாஸ்டரை மட்டும் பலிகொடுத்துக் கணக்கை முடித்தால், அது பையனைப் பலிகொடுத்ததற்கு ஒரு படிதான் மேல். தாளில் இருப்பது மாஸ்டரின் கையெழுத்து மட்டுமா? பள்ளித் தலைமையின் கையெழுத்தும் முத்திரையும் அல்லவா இருக்கின்றன! விசாரணை அங்கே தொடங்கட்டும். பையனை அவனுடைய உண்மையான வயதுப் பிரிவிலே மறுபடி ஆடவிடட்டும். கோப்பையைத் திருப்பிக் கொடுக்கட்டும்.

வயது மோசடிக்கு எதிராக 2010-ல் போட்ட விதிகளைத் திருத்த, 2025 மார்ச்சில் ஒன்றிய விளையாட்டு அமைச்சகம் ஒரு வரைவை வெளியிட்டது. உடந்தையாகும் பயிற்சியாளர், அதிகாரி மீதும் நடவடிக்கை என்று அதிலே எழுதியிருந்தார்கள். எழுதியது நல்லதே. ஆனால் டெல்லியில் எழுதிய எழுத்து வள்ளியூர் தாண்டி வருவதற்குள் எத்தனை முறை தேய்ந்துபோகும் என்பது நமக்குத் தெரியாதா?

ஆகவே தோழர்களே, அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோர்தான் பெரும்பான்மை. உங்களிலே பலர் அதில் உறுப்பினர்கள். அடுத்த கூட்டத்தில் தேநீர் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். சென்ற போட்டிக்கு அனுப்பிய வயதுத் தாள்களைக் காட்டச் சொல்லுங்கள். பையன் பெயருக்குக் கீழே யார் யார் கையெழுத்து என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.