உடைஞ்ச சீட்டுக்கு வவுச்சர் நியாயமா?

போன மாசம் அம்மாவை சென்னையிலிருந்து கேஎல் கூட்டி வந்தேன். முதுகுவலிக்காரர், சாய்ஞ்சு வரட்டும்னு பிஸ்னஸ் கிளாஸ் எடுத்தேன். சீட் சாயவே இல்லை. வேற சீட்டும் காலி இல்லை. நாலு மணி நேரம் நிமிர்ந்தே உட்கார்ந்து வந்தார்.

கம்பெனி கொடுத்தது? அடுத்த பயணத்துக்கு ஒரு வவுச்சர்!

“பத்திரமா வந்தாச்சே, இதுக்குப் போய் சண்டையா?”ன்னு சிலர் கேக்குறாங்க. வந்து சேர எகானமி போதுமே! மேல கட்டின காசு அந்த சீட்டுக்குத்தான். திருவிழாவுக்கு எடுத்த கூடாரம் கிழிஞ்சிருந்தா வாடகையைக் கழிச்சுத்தானே கொடுக்குறோம்? சாப்பாடு, லவுஞ்ச் கிடைச்சதுக்குக் கழிச்சுக்கட்டும். மிச்ச வித்தியாசத்தை வெள்ளியாகத் தரணும்.

ஐரோப்பாவில் கீழ் வகுப்புக்கு மாற்றினால், தூரத்தைப் பொறுத்து டிக்கெட் விலையில் 30, 50, 75 விழுக்காடு திருப்பித் தரணும்னு சட்டமே இருக்கு. சாயாத பிஸ்னஸ் சீட்டும் கீழ் வகுப்புதானே?

சும்மா விடாதீங்க. அங்கேயே படம் எடுங்க, பணியாளரைக் குறிச்சு வைக்கச் சொல்லுங்க. முதலில் கம்பெனிக்கு எழுதுங்க. 30 நாளில் தீர்வு இல்லைன்னா சிஏஏஎம் ஆணையத்தில் புகார் கொடுங்க. நாம கேக்குறது பிச்சை இல்லை, நம்ம காசு.