ஐந்தொகையின் சாட்சியம்

1906-ம் வருஷம் அக்டோபர் மாதம் 22-ந் தேதி சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கதவை மூடிற்று. அதன் பெயரையும் பெருமையையும் நம்பிப் பணம் போட்டிருந்தவர்கள் எண்ணிறந்தவர்கள். உபகாரச் சம்பளக்காரர்களும் விதவைகளும் தங்கள் வாழ்நாள் சேமிப்பை அங்கே வைத்திருந்தனர். கம்பெனியின் தலைவர் ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட் பின்னர் விசாரிக்கப்பட்டுப் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை அடைந்தார். அந்த வீழ்ச்சியின் விளைவாகவே 1907-ல் ஸ்ரீ வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலிய பெரியோர்களின் முயற்சியால் இந்தியன் பாங்கு தோன்றிற்று. ஆர்பத்நாட் ஒரு கூட்டு வியாபார ஸ்தாபனம். பங்கு சேர்த்த கம்பெனியைப்போல் அது தன் கணக்கை வெளியார் பார்வைக்கு வைக்கவில்லை. ஆதலால் பணம் போட்டவர்களுக்குக் கட்டிடத்தின் உயரம் தெரிந்திருந்ததேயன்றிக் கஜானாவின் ஆழம் தெரிந்திருக்கவில்லை. அவர்கள் ஏமாந்ததற்கு அவர்களைக் குறை கூறுவது நியாயமாகாது.

இன்றைய நிலைமை வேறு. ஒவ்வொரு பொதுக் கம்பெனியும் வருஷந்தோறும் ஐந்தொகையையும் லாப நஷ்டக் கணக்கையும் ரொக்க வரவு செலவு அறிக்கையையும் பங்குதாரர்களுக்கு அனுப்பியாக வேண்டும். 2022-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் இந்தியாவில் டீமாட் கணக்குகளின் தொகை பத்துக் கோடியைத் தாண்டிற்று. இத்தனை பேர் பங்கு வைத்திருக்கும் தேசத்தில் ஐந்தொகையைப் பிரித்துப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலோர் தலைவரின் உரையைப் படிக்கிறார்கள். டிவிடெண்டு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். பங்கின் விலை ஏறினால் மகிழ்கிறார்கள். கணக்கு ஆடிட்டர்களின் காரியம், நமக்கேன் என்பது அவர்கள் அபிப்பிராயம். இந்த அபிப்பிராயம் எவ்வளவு ஆபத்தானது என்பதை எடுத்துக் காட்டுவதே இன்று நமது நோக்கம்.

நியாயஸ்தலத்தில் ஒரு சாட்சி சொல்லும் ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மட்டும் எவரும் தீர்ப்புச் சொல்வதில்லை. அவன் முன்பு சொன்னதோடும் பிறர் சொன்னதோடும் அதை ஒப்பிட்டுக் குறுக்கு விசாரணை செய்கிறோம். ஐந்தொகையில் காணும் எண்ணும் அத்தகைய சாட்சியே. "இவ்வருஷம் முப்பது லட்ச ரூபாய் லாபம்" என்று ஒரு கம்பெனி கூறினால், அதனால் நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. எவ்வளவு விற்பனையில் முப்பது லட்சம்? எவ்வளவு முதலைப் போட்டு முப்பது லட்சம்? சென்ற வருஷம் எவ்வளவு? இக்கேள்விகளைக் கேட்டு ஓர் எண்ணை மற்றோர் எண்ணால் வகுப்பதுதான் விகிதக் கணக்கு. இதற்குப் பெருங்கல்வி வேண்டுவதில்லை. வகுத்தல் கணக்குத் தெரிந்த எவருக்கும் இது கைவரும்.

ஓர் உதாரணம் கூறுவோம். ஒரு நூற்பாலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் சொந்த முதல் 200 லட்சம். நீண்டகாலக் கடன் 300 லட்சம். ஒரு வருஷத்துக்குள் கொடுத்துத் தீர்க்க வேண்டிய பாக்கி 125 லட்சம். கையிலும் பாங்கிலும் உள்ள ரொக்கம் 10 லட்சம். நூல் வாங்கியவர்களிடமிருந்து வர வேண்டியது 90 லட்சம். பஞ்சும் நூலுமாகச் சரக்கு இருப்பு 100 லட்சம். ஆண்டு விற்பனை 600 லட்சம். வட்டியும் வரியும் போவதற்கு முன் லாபம் 70 லட்சம். வட்டி 30 லட்சம், வரி 10 லட்சம் போக நிகர லாபம் 30 லட்சம்.

முதலில் லாபத்தைப் பார்ப்போம். நூறு ரூபாய் விற்பனைக்கு ஐந்து ரூபாய் நிகர லாபம். ஈடுபடுத்திய முதல் சொந்தமும் கடனுமாக 500 லட்சம். அதன்மேல் வட்டிக்கு முன் கிடைத்தது 70 லட்சம், அதாவது நூற்றுக்குப் பதினான்கு. கடனுக்குக் கொடுக்கும் வட்டி நூற்றுக்குப் பத்து. ஆகவே கடன் வாங்கிய பணம் தன் வட்டியைச் சம்பாதித்து, மேலும் கொஞ்சம் மிச்சம் வைக்கிறது. வட்டியைப்போல் இரண்டேகால் மடங்குக்குச் சற்று அதிகமாகவே வருமானம் இருக்கிறது. இந்த மட்டில் ஆலை தேறிவிட்டது.

நிற்க. லாபம் வேறு, ரொக்கம் வேறு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது போல, புத்தகத்தில் எழுதிய லாபம் சம்பள நாளன்று தொழிலாளிக்குக் கொடுக்க உதவாது. ஆகையால் இரண்டாவது விசாரணை அவசியம். ஒரு வருஷத்துக்குள் பணமாகக்கூடிய ஆஸ்தி மொத்தம் 200 லட்சம்; அதற்குள் கொடுக்க வேண்டியது 125 லட்சம். ஒரு ரூபாய்க் கடனுக்கு ஒரு ரூபாய் அறுபது காசு இருக்கிறது. இதற்கு நடப்பு விகிதம் என்று பெயர். பார்வைக்கு இது போதுமானதே. ஆனால் சரக்கு விற்க வேண்டும்; விற்ற பின் பணம் வர வேண்டும். சரக்கை நீக்கிப் பார்த்தால் ரூபாய்க்கு எண்பது காசுதான் உண்டு. வர வேண்டிய பாக்கியையும் நீக்கி ரொக்கத்தை மட்டும் பார்த்தால் ரூபாய்க்கு எட்டுக் காசு! நூல் சந்தை மந்தமாகிப் பாக்கிக்காரர்கள் இரண்டு மாதம் கை விரித்தால் இந்த லாபகரமான ஆலை அடுத்த தவணைக்கு என்ன செய்யும்?

இன்னும் ஒரு கேள்வி உண்டு. வர வேண்டிய 90 லட்சம், ஆண்டு விற்பனையில் ஏறக்குறைய 55 நாள் விற்பனைக்குச் சமம். சென்ற வருஷம் விற்பனை 500 லட்சம், பாக்கி 50 லட்சம் என்றிருந்தால் அது 36 அல்லது 37 நாளாகும். விற்பனை நூற்றுக்கு இருபது ஏறியிருக்கிறது. பாக்கியோ நூற்றுக்கு எண்பது ஏறியிருக்கிறது. இது ஏன்? தளர்ந்த கைகளுக்குக் கடனாகச் சரக்கைத் தள்ளிவிட்டு அதை விற்பனை என்று எழுதினார்களா? அல்லது விற்பனையே நடக்கவில்லையா? ஒரு வருஷத்து விகிதம் சொல்லாத சங்கதியை இரண்டு வருஷத்து விகிதங்கள் சொல்லிவிடும். இரண்டைவிட ஐந்து வருஷம் நன்று.

இவை வெறும் பாடப்புத்தக விஷயங்கள் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். 1987-ல் ஸ்தாபிக்கப்பட்ட ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்னும் ஸ்தாபனத்தின் கதையைப் பாருங்கள். நமது திருப்பூருக்குத் தண்ணீர் கொண்டுவந்த திட்டத்திலும் அதற்குப் பங்கு உண்டு. ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் அதில் சுமார் கால் பங்கு வைத்திருந்தது. பல தொழிலாளர் சேமநல நிதிகள் அதன் கடன் பத்திரங்களை வாங்கியிருந்தன. 2018-ம் வருஷம் நடுப்பகுதி வரையில் தர நிர்ணயக் கம்பெனிகள் அதற்கு மிக உயர்ந்த தரத்தை வழங்கி வந்தன. அவ்வருஷம் செப்டம்பரில் அது தவணைப் பணத்தைக் கட்டத் தவறியது; சில வாரங்களுக்குள் மிக உயர்ந்த தரம் மிகத் தாழ்ந்த தரமாயிற்று. அக்டோபர் 1-ந் தேதி மத்திய சர்க்கார் கம்பெனி டிரிப்யூனலை அணுகி டைரக்டர்களை மாற்றினர். கிளைக் கம்பெனிகள் 348 என்றும், கடன் சுமார் 91,000 கோடி ரூபாய் என்றும் பின்னர் உலகம் அறிந்தது.

நோய் யாது? ரஸ்தாக்களும் சுரங்க வழிகளும் இருபது முப்பது வருஷத்தில் மெல்ல மெல்லப் பணம் தருபவை. அவற்றுக்குச் சில மாதங்களில் திருப்ப வேண்டிய கடனையும் வாங்கிச் செலவிட்டார்கள். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் கிடைத்த வரையில் வண்டி ஓடிற்று. கிடைக்காத அன்று நின்றது. குறுகிய காலக் கடனையும் குறுகிய கால ஆஸ்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு இந்த நோயின் குறி புலப்படாமற் போகாது. தரச் சீட்டை நம்புவதற்கு முன் ஐந்தொகையைப் பார்த்திருக்க வேண்டியது பிறர் பணத்துக்குத் தர்மகர்த்தாக்களாக இருந்தவர்களின் கடமை. அவர்கள் வைத்திருந்தது தொழிலாளியின் முதுமைக் காலத்துச் சோறு.

விகிதங்களை வேதவாக்காகக் கொள்ளுவதும் தவறு. நடப்பு விகிதம் இரண்டுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்பது ஒரு பழைய வழக்கு; எல்லாத் தொழிலுக்கும் அது பொருந்தாது. அன்றாடம் ரொக்கத்துக்கு விற்று, வாங்கிய சரக்குக்கு ஒரு மாதம் கழித்துப் பணம் கொடுக்கும் கடை, ஒன்றுக்குக் குறைந்த விகிதத்திலும் சுகமாக நடக்கும். கரும்பு ஆலையின் மார்ச்சு மாதத்துக் கணக்கில் சர்க்கரை மலையாகக் குவிந்திருக்கும். செப்டம்பரில் அவ்வாறு இராது. ஆகவே ஆலையை ஆலையோடும் கடையைக் கடையோடுமே ஒப்பிட வேண்டும்.

மேலும், கணக்கு முடிக்கும் நாளுக்காகச் சிங்காரித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. நாம் கூறிய ஆலை, மார்ச்சு கடைசியில் 50 லட்சம் பாக்கியை அவசரமாக வசூலித்து அதைக் கொண்டு 50 லட்சம் கடனைத் தீர்த்தால், 200-க்கு 125 என்பது 150-க்கு 75 ஆகிவிடும். ஒன்றரைக்குச் சற்று மேலாக இருந்த விகிதம் ஒரே நாளில் இரண்டாகிவிட்டது! ஆலையின் பலம் ஓர் அணுவும் கூடவில்லை. 2008 செப்டம்பர் 15-ந் தேதி வீழ்ந்த அமெரிக்க லேமன் பிரதர்ஸ் பாங்கும், காலாண்டு முடிவுகளில் பெருந்தொகையான ஆஸ்தியைக் கணக்கிலிருந்து சில நாளைக்கு மறைத்து வைத்துத் தன் கடன் விகிதத்தைக் குறைத்துக் காட்டியது பின்னர் வெளிப்பட்டது.

எண்ணே பொய்யானால் விகிதமும் பொய்தான். ஹைதராபாத் சத்யம் கம்பெனி 2008-ல் நல்ல நிர்வாகத்துக்கென்று பரிசு பெற்றது. 2009 ஜனவரி 7-ந் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு டைரக்டர்களுக்கு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். ரூபாய்க்கு ஆறு காசுதான் மெய்! முந்திய செப்டம்பர் காலாண்டில் 2,700 கோடி வருமானமும் 649 கோடி லாபமும் காட்டப்பட்டன; அதாவது நூற்றுக்கு 24. உண்மையில் வருமானம் 2,112 கோடி, லாபம் 61 கோடி, நூற்றுக்கு 3. இந்தப் பொய்யை ஆடிட்டர்களும் கண்டு சொல்லவில்லை.

ஆயினும் இக்கதையில் நமக்குத் தைரியம் தரும் ஓர் அம்சம் உண்டு. 2008 டிசம்பர் 16-ந் தேதி, தலைவரின் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்கச் சத்யம் டைரக்டர்கள் தீர்மானித்தனர். இல்லாத ரொக்கத்தின் இடத்தில் இருக்கும் ஆஸ்தியை வைத்து மூடுவதற்கான கடைசி முயற்சி அது என்று ராஜுவே பின்னர் எழுதினார். பங்குதாரர்கள் வெகுண்டெழுந்து ஆட்சேபித்தனர். சில மணி நேரத்திற்குள் தீர்மானம் கைவிடப்பட்டது. மூன்று வாரத்தில் உண்மை தானே வெளிவந்தது. 2015 ஏப்ரலில் ஸ்பெஷல் கோர்ட்டு குற்றவாளிகளுக்கு ஏழு வருஷச் சிறைத் தண்டனை விதித்தது. வருஷக்கணக்கில் ஆடிட்டர்களால் ஆகாத காரியம் பங்குதாரர்களின் ஒரு கேள்வியால் ஆயிற்று.

2021 ஏப்ரல் 1-ந் தேதி முதல் நமது கம்பெனிச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை ஒரு நல்ல ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. நடப்பு விகிதம், கடனுக்கும் முதலுக்குமுள்ள விகிதம், கடன் தவணை கட்டும் சக்தி, பாக்கி வசூலாகும் வேகம், நிகர லாப விகிதம் முதலிய 11 விகிதங்களைக் கம்பெனிகளே கணக்கிட்டு வெளியிட வேண்டும். எந்த விகிதமாவது முந்திய வருஷத்தைவிட நூற்றுக்கு 25-க்கு மேல் மாறினால் அதன் காரணத்தையும் கூற வேண்டும். இதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் இது நூற்றுக்கணக்கான பக்கமுள்ள அறிக்கையில் குறிப்புகளுக்கிடையே புதைந்து கிடப்பதை நாம் விரும்பவில்லை. தலைவரின் உரைக்கு அடுத்த பக்கத்தில், ஐந்து வருஷத்து எண்களுடன் இவ்விகிதங்கள் இடம் பெற வேண்டும். தமிழ் நாட்டு ஜனங்களிடம் பணம் திரட்டும் கம்பெனிகள் அந்த ஒரு பக்கத்தையேனும் தமிழில் அச்சிட்டு அனுப்ப வேண்டும். பணம் கேட்கும்போது விளம்பரங்களில் வரும் தமிழ், கணக்குக் கொடுக்கும்போது மறைந்துவிடுவது எவ்விதத்திலும் நியாயமன்று.

சட்டம் எவ்வளவு சிறந்ததாயினும், படிக்காதவருக்கு அது பயன்படாது. வருஷாந்தரக் கூட்டத்துக்கு 21 நாள் முன்னதாக அறிக்கை வந்து சேருகிறது. அதில் ஒரு மாலைப்பொழுது போதும். கையில் ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு நான்கு கேள்விகளை வாசகர்கள் கேட்கட்டும்: போட்ட முதலுக்கு என்ன கிடைத்தது? வட்டிக்கு எத்தனை மடங்கு வருமானம் இருக்கிறது? ஒரு வருஷத்தில் கொடுக்க வேண்டியதற்குக் கையில் என்ன உண்டு? எழுதிய லாபத்தில் ரொக்கமாக வந்தது எவ்வளவு? விடை திருப்தியளிக்காவிட்டால் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கட்டும். உறவினரும் அண்டை வீட்டாரும் தங்கள் சேமிப்பைக் குறித்து யோசனை கேட்கும் நிலையில் இருக்கும் படித்தவர்களுக்கு இந்தப் பொறுப்பு இரட்டிப்பாகும். 1906-ல் ஏமாந்தவர்களுக்குக் கணக்குக் காட்டப்படவில்லை. நமக்குக் காட்டப்படுகிறது. பார்க்காமல் ஏமாந்தோமானால் குறை கூற வேறு யாரும் இல்லை.